மூர் மார்க்கெட்டும் அதன் வாடிக்கையாளரும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை சென்ட்ரலில் நாள்தோறும் புறநகர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள், அந்தப் புறநகர் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் மூர் மார்க்கெட் வளாகம் என்பதைக் கவனித்திருக்கலாம். அந்தப் பெயருக்குரிய சந்தை அதே இடத்தில்தான் இருந்தது.

பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நெரிசலும் சுகாதாரக் கேடுமாகிவிட்டதால், மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் இந்தச் சந்தை திறக்கப்பட்டது. நடுவில் முற்றம் விட்டு, சிவப்புச் செங்கல்லில், இந்தோ-சாரசெனிக் பாணியில் கட்டப்பட்டது. பக்கத்திலுள்ள ரிப்பன் மாளிகையே 1913இல்தான் வந்தது. காய்கறிக்கும் இறைச்சிக்கும் எழுப்பப்பட்ட இடம், காலப்போக்கில் பழைய புத்தகங்களுக்கும் கிராமபோன் தட்டுகளுக்கும் கூண்டுப் பறவைகளுக்கும் பெயர் பெற்றது.

புத்தகக் கடைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் பலவீனம் அது. அங்கே விலை அட்டையில் இருக்காது, வாங்குகிறவர் முகத்தில் இருக்கும். தேடிய புத்தகம் கண்ணில் பட்டதும் கை நீண்டுவிட்டால் விலை ஏறிவிடும். ஆகவே விவரமறிந்தவர்கள் வேண்டாத நான்கைப் புரட்டி, தூசியைத் தட்டி, வேண்டியதை நடுவில் செருகி, மொத்தமாக என்ன விலை என்று கேட்பார்கள். கடைக்காரர் அந்த நடுப் புத்தகத்தை மட்டும் உருவித் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு மலிவாக விலை சொல்வார்.

இந்த வியாபாரத்தின் உயிர், ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று சும்மா நுழைகிறவரிடம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில்வே விரிவாக்கத்துக்கு அந்த நிலம் கேட்கப்பட்டிருந்த காலத்தில், 1985 மே மாதம் சந்தை தீக்கிரையானது. வியாபாரிகளுக்கு அருகே அல்லிக்குளம் வணிக வளாகத்தில் கடைகள் ஒதுக்கப்பட்டன. தூரம் அதிகமில்லை, ஆயினும் அது போகிற வழியில் இல்லை. கடைக்குக் கடை தந்தார்கள். சும்மா நுழைகிறவரை யாராலும் ஒதுக்கித் தர இயலவில்லை.

நேரம் குறைந்துவிட்டதால் கொத்தவால் சாவடியைச் சுருக்கமாகத் தொட்டு முடிக்கிறேன். அதன் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய் அங்கே வேரூன்றியது. லாரி எங்கே சரக்கை இறக்குகிறதோ அங்கே சில்லறை வியாபாரி விடியுமுன் தேடி வந்தாக வேண்டும். பழைய புத்தகத்துக்காக அப்படி யாரும் வருவதில்லை. இன்று எந்தச் சந்தையை இடித்துக் கட்டத் திட்டமிட்டாலும், கடைகளைக் கணக்கெடுப்பதோடு, வாங்குகிறவர் எந்தப் பக்கமிருந்து, எதற்காக வருகிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டுமெனப் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.