எட்டு டாலர் டிக்கெட்டும் ஒரு லெஃப்ட் டேக்கிளும்

வணக்கம் மக்களே. குரல் கேட்கிறதா? காருக்குள் உட்கார்ந்துதான் பேசுகிறேன், வெளியே காற்று ஆளைத் தள்ளுகிறது. அயோவாவின் அக்டோபர் உங்களுக்குப் புதிதா என்ன. மைக்குக்கு அந்தப் பஞ்சு உறை மாட்டச் சொல்லி எல்லோரும் கமெண்டில் திட்டினீர்கள். வாங்கிவிட்டேன். அது வீட்டில் டிவி பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். ஊர் பெயர் சொல்ல மாட்டேன். நான் பேசப்போகிற பையனுக்குப் பதினேழு வயதுதான், அவன் பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் முதலில் டிக்கெட் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் வாயில் வராது.

டிக்கெட் எட்டு டாலர். நியாயமான விலை, குறையே இல்லை. பத்து டாலர் நோட்டை நீட்டுகிறேன், கேட்டில் இருக்கிற அம்மா சிரித்துக்கொண்டே, ரொக்கம் வாங்குவதில்லை, ஆப்பில் எடுங்கள் என்கிறார். சுற்றிலும் சோளக்காடு. போனில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. ஆப் இறங்கி முடிப்பதற்குள் தேசிய கீதமே முடிந்துவிட்டது. சரி, இறங்கியது. இப்போது கணக்குத் தொடங்கு என்கிறது. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து வேண்டுமாம், ஒரு குறியீடு வேண்டுமாம். நான் ஸ்விஸ் பேங்கிலா பணம் போடப்போகிறேன்? எல்லாம் முடித்துப் பார்த்தால் சேவைக் கட்டணம் ஒரு டாலர் அறுபது சென்ட்! யார் எனக்கு என்ன சேவை செய்தார்கள்? நிழல் கூட இல்லாத இடத்தில் நின்று நானே தட்டினேன், நானே வாங்கினேன், எனக்கே கட்டணம். பின்னால் நின்ற தாத்தா ஒருவர் தன் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டார், அவருக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சேவைக்கு நான் யாரிடம் கட்டணம் கேட்பது? உள்ளே போனபோது நான் சொன்ன பையனுடைய அணி பந்தை வைத்து ஆடும் முதல் முறையை, அதாவது முதல் டிரைவை, முடித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸில் இருக்கிற என் மச்சானை உங்களுக்குத் தெரியும். கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கு இணையதளங்கள் ஸ்டார் போட்டுத் தரம் பிரிக்கும், ஐந்துதான் உச்சம். அந்த ஐந்துக்குக் கீழே எவனையும் மனிதனாகவே மதிக்க மாட்டான். இந்தப் பையனைப் பற்றி அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் உடனே வருகிறது: “ரெண்டு ஸ்டாரா மாமா? விட்டுடுங்க.” அதைப் படித்த எரிச்சலில்தான் இந்த வீடியோ.

பையன் அஃபென்சிவ் லைன்மேன், பந்து வைத்திருக்கிற தன் ஆளுக்கு முன்னால் நின்று எதிரிகளைத் தடுக்கிறவன். இந்த லைன்மேனுக்கு ஸ்டார் போடுவது இருக்கிறதே, அதைவிட அபத்தம் ஒன்று கிடையாது. ஓடுகிறவனுக்குப் போடலாம், வேகம் கண்ணுக்குத் தெரியும். எறிகிறவனுக்கும் போடலாம். இந்த ஐந்து பேர், இரண்டு டேக்கிள், இரண்டு கார்டு, நடுவில் சென்டர், இவர்கள் பதினேழு வயதில் பாதி செய்து முடித்த உடம்போடு நிற்கிறார்கள். மீதிப் பாதி கல்லூரியில்தான் வரும். எதிரில் நிற்பவனோ 80 கிலோகூட இல்லாத, நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கிற இன்னொரு பையன். அவனைத் தூக்கிப் போட்டு மல்லாத்திய வீடியோவை வைத்து என்ன தெரியும்? பேன்கேக், பேன்கேக் என்று கத்துகிறார்கள். நானும் ரசிப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்து ஸ்காலர்ஷிப் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

நான் பார்த்தது என்னவென்றால், மூன்றாம் குவார்ட்டரில் ஒரு பாஸ் ப்ளே, குவார்ட்டர்பேக் பந்தை எறிகிற ஆட்டம். பையன் லெஃப்ட் டேக்கிள், லைனின் இடது ஓரம். எதிரில் இருந்த எண்ட், அதாவது குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வருகிற ஓரத்து ஆள், வெளிப்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறான். இவன் கிக் ஸ்லைடில், எதிராளியைப் பார்த்தபடியே சறுக்குகிற மாதிரி, பின்னால் போகிறான், இரண்டு எட்டு. மூன்றாவது எட்டு எடுக்கும்போது அந்த எண்ட் திடீரென்று உள்பக்கம் வெட்டுகிறான். பெரும்பாலான பையன்கள் இந்த இடத்தில் இடுப்பைத் திருப்பியிருப்பார்கள். திருப்பினால் கதவு திறந்த மாதிரி, குவார்ட்டர்பேக் காலி. இவன் திருப்பவில்லை. இடது பாதத்தைத் தரையில் ஊன்றி, முழங்கால் மடங்கினபடியே, வலது காலைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, வலது உள்ளங்கையை எதிராளியின் மார்பு நடுவில் வைத்தான். அவ்வளவுதான். யாரும் விழவில்லை. மைதானத்தில் ஒருவரும் கைதட்டவில்லை, ஏனென்றால் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்று கத்தினேன், பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்தப் பாதத்தை யாரும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. உடம்பை ஏற்றலாம், கையை எங்கே வைப்பது என்று பழக்கலாம், ப்ளேபுக்கை மனப்பாடம் செய்ய வைக்கலாம். கணுக்காலும் இடுப்பும் வளைந்து கொடுப்பது பெரும்பாலும் கூடவே வருவது. அதனால்தான் லைன் கோச்சுகள் பையன் மல்யுத்தம் செய்கிறானா, பாஸ்கெட்பால் ஆடுகிறானா, ஷாட்புட் எறிகிறானா என்று கேட்கிறார்கள்.

நம்ம பக்கத்துக் கதையே சொல்கிறேன். சீடர் ராபிட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் மவுண்ட் வெர்னன், அதற்கு அந்தப் பக்கம் சோலன். இரண்டும் சின்ன ஊர். மவுண்ட் வெர்னனில் ட்ரிஸ்டன் விர்ஃப்ஸ், சோலனில் டைலர் லிண்டர்பாம். விர்ஃப்ஸ் மல்யுத்தத்தில் ஹெவிவெயிட். அங்கே உச்சவரம்பு 285 பவுண்டு, அதற்குள் வர அவர் எடையைக் குறைத்துக்கொண்டு இறங்குவார். அப்படிப்பட்ட ஆளை ஒரு முறை மேட்டில் தோற்கடித்தவர் லிண்டர்பாம்! இரண்டு பேரும் அப்புறம் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரே லைனில் ஆடினார்கள். லிண்டர்பாம் அங்கே வந்தது டிஃபென்சிவ் லைன்மேனாக, அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற பக்கம். சென்டருக்கு மாற்றினார்கள். 2021இல் நாட்டிலேயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராபி, அடுத்த வருஷம், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், பால்டிமோர் ரேவன்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. விர்ஃப்ஸ் 2020 காம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன்னால் நடக்கிற உடல் சோதனையில், 320 பவுண்டு உடம்போடு நின்ற இடத்திலிருந்து 36.5 அங்குலம் குதித்தார். 320 பவுண்டு மக்களே, 145 கிலோ.

இடம் மாற்றுவது என்றதும் ராபர்ட் கேலரி ஞாபகம் வருகிறது. அவரும் அயோவாதான், பாஸும் பிடிக்கிற டைட் எண்டாகச் சேர்ந்தவர். டேக்கிளாக்கினார்கள், 2003இல் கல்லூரி லைன்மேன்களுக்கான அவுட்லேண்ட் டிராபி, 2004 டிராஃப்டில் இரண்டாவது ஆள். பிராண்டன் ஷெர்ஃப் ஹைஸ்கூலில் குவார்ட்டர்பேக் ஆடியவர், நம்புவீர்களா? அவருக்கும் 2014இல் அதே அவுட்லேண்ட். அயோவாவுக்கு வெளியே போனால் பின்னாளில் சென்டராகப் பேர் வாங்கிய ஜேசன் கெல்சி, சின்சினாட்டியில் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் வாக்-ஆனாக, டிஃபென்ஸில் லைனுக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கராக வந்து நின்றவர். எரிக் ஃபிஷரைப் பெரிய கல்லூரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, சென்ட்ரல் மிச்சிகன் போனார், 2013 டிராஃப்டில் முதல் தேர்வே அவர்தான். என் மச்சானுக்கு இந்தப் பட்டியலை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான், நீல டிக் வந்துவிட்டது, பதில் இல்லை.

அட, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். மைதானத்தில் இரண்டு பேர் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு மைதானக் கோடியில் இருக்கிற எண்ட் ஜோனுக்குப் பின்னால் நின்றார்கள். பந்து எங்கே போனாலும் திரும்பவே இல்லை. ஹாஃப்டைமில் பையன் உள்ளே நடந்து போகும்போது அவனுடைய மணிக்கட்டையும் தோளையும் பார்த்தார்கள். அப்புறம் அவனுடைய அப்பா அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்வை போனது. பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். இது பழைய வழக்கம்தான். எலும்புக்கூடு பெரிதா, இன்னும் ஐம்பது பவுண்டு தசை தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். இப்போது 250 இருப்பான். வெறும் கொழுப்பாக ஏற்றினால் நான் சொன்ன அந்தப் பாதம் போய்விடும், அதுதான் பயம்.

கை நீளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 டிராஃப்டுக்கு முன்னால் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் வில் கேம்பெல் கையை வைத்து நாடே அடித்துக்கொண்டது. காம்பைனில் 32 அங்குலம் 5/8. கல்லூரியில் அளந்தபோது 33. ஒரு மாதத்தில் கை வளர்ந்ததா, டேப் வளர்ந்ததா தெரியாது. டேக்கிளுக்கு 33க்குக் கீழே போனால் கார்டுக்கு மாற்று என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். நீளம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதலில் யாருடைய கை மார்பில் படுகிறதோ அவன்தான் ஆட்டத்தை நடத்துகிறான். ஆனால் மூன்று வருஷம் லெஃப்ட் டேக்கிளாக ஆடிய ஆளை வைத்துக்கொண்டு, அத்தனை ஃபிலிமையும் விட்டுவிட்டு டேப்பை எடுப்பானேன்? நியூ இங்கிலாந்து அணி அவரை நான்காவது ஆளாக எடுத்துக்கொண்டது. 2021இல் நார்த்வெஸ்டர்னின் ரஷான் ஸ்லேட்டருக்கும் 33தான். சார்ஜர்ஸ் அணி அவரை லெஃப்ட் டேக்கிளாகவே வைத்தது, முதல் வருஷமே சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பௌல்.

அப்புறம் கல்லூரியில் என்ன நடக்கிறது? முதல் வருஷம் பெரும்பாலும் ரெட்ஷர்ட், அதாவது ஆட்டத்தில் இறங்காமல் பழகுகிற வருஷம், அவன் ஆடக்கூடிய வருஷங்களில் கழியாது. 2018இல் மாற்றிய விதிப்படி நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த வருஷம் கணக்கில் போகாது. அதுவரை சாப்பாடு, எடை, கம்பிக்கூரை. கம்பிக்கூரை என்றால் தாழ்வான ஒரு இரும்புச் சட்டம். அதற்குக் கீழே நின்று ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கிற நொடிக்கு, கிளம்ப வேண்டும், நிமிர்ந்தால் ஹெல்மெட் கம்பியில் டங் என்று இடிக்கும். ஹைஸ்கூலில் இப்போது பாதி அணிகள் ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்துகிற ஸ்ப்ரெட் ஆடுகின்றன, பையன் கையைத் தரையில் ஊன்றியே பழகியிருக்க மாட்டான், எழுந்து நின்றே தொடங்குவான். அவனைக் குனிய வைப்பதற்கே ஒரு வருஷம். பிறகு பக்கத்து ஆளோடு சேர்ந்து இரட்டையாகத் தள்ளுவது, எப்போது விட்டுவிட்டு லைன்பேக்கருக்குப் போவது என்று தோளாலேயே உணர்வது. இது ஒருவனுடைய திறமை இல்லை, இரண்டு பேர் பல நூறு தடவை பக்கத்தில் நின்றால்தான் வரும்.

அதனால்தான் கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எனக்கு வயிற்றெரிச்சல். 2021 முதல் ஒரு வருஷம் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம், அதே வருஷம் ஜூலையிலிருந்து பெயரை வைத்துப் பணமும் வாங்கலாம். பையன்கள் சம்பாதிப்பதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, இத்தனை காலம் சும்மா உழைத்தார்கள். ஆனால் இரண்டு வருஷம் குனியப் பழக்கிய கோச்சின் ஆளை, பழுத்த பிறகு இன்னொருவன் வந்து அள்ளிக்கொண்டு போகிறான். யாருக்குப் பழக்க மனசு வரும்?

இதற்கு நடுவில் 2024இல் ஜோ மூர் விருது யாருக்குப் போனது தெரியுமா? ஆர்மிக்கு! வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்கு. அது தனி ஆளுக்குக் கொடுக்கும் விருது இல்லை, மொத்த லைனுக்கும் சேர்த்து. டிராபியே 800 பவுண்டு வெண்கலம், ஏழடி உயரம். ஆர்மி லைன்மேன்கள் மற்றவர்களைவிட எடை குறைந்தவர்கள், படிப்பு முடிந்ததும் ராணுவ அளவுக்கு இன்னும் இளைக்க வேண்டியவர்கள். பெரிய பணமும் கிடையாது. சேர்ந்தே இருந்தார்கள், சேர்ந்தே தள்ளினார்கள். அந்த ஜோ மூர் யார் என்று கேட்டால், பிட்ஸ்பர்கிலும் நோட்ரடேமிலும் லைன் கோச்சாக இருந்தவர். நம்ம அயோவா கோச் கர்க் ஃபெரென்ஸுக்கு ஹைஸ்கூல் கோச்சே அவர்தான். அயோவா ஏன் இப்படி லைன்மேன்களை விளைவிக்கிறது என்று இனிமேல் என்னைக் கேட்காதீர்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை. யார் ஆடினாலும் சரி, ஒரு ட்ரைவ் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் ரைட் டேக்கிளை மட்டும் பாருங்கள், இடுப்பைத் திருப்பினானா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள். டிவி கேமரா பந்துக்குப் பின்னால் ஓடிவிடும், ரீப்ளேயில் எண்ட் ஜோன் கோணம் வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள். மச்சான் பதில் போட்டால் அடுத்த வீடியோவில் படிக்கிறேன். அந்த ஒரு டாலர் அறுபது சென்ட்டுக்கு ரீஃபண்ட் கேட்டும் எழுதியிருக்கிறேன், பார்ப்போம்.