கோல்டன் குரோவ் பிரசங்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய நூல்களின் முகப்பில் சமர்ப்பணக் கடிதம் ஒன்று இருக்கும். வெறும் முகத்துதி என்று பலரும் அதைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குருவான ஜெரமி டெய்லரின் பிரசங்க நூலை அப்படிப் படிக்கக்கூடாது என்பது என் கருத்து.

டெய்லர் கேம்பிரிட்ஜில் ஒரு முடிதிருத்துபவருக்கு மகனாகப் பிறந்தவர். படிப்பால் உயர்ந்து மன்னர் முதலாம் சார்லஸின் குருமார்களில் ஒருவரானார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. 1645-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலுக்கே தடை வந்தது. அதே ஆண்டு வேல்ஸிலுள்ள கார்டிகன் கோட்டைச் சண்டையில் டெய்லர் பிடிபட்டார். விடுதலையானதும் வேல்ஸிலேயே நண்பர்களோடு பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார்.

அப்போது கைகொடுத்தவர் கார்பரி பிரபு ரிச்சர்ட் வான். அவரும் மன்னருக்காகப் படை நடத்தித் தோற்றவர்தான். ஆனால் மாளிகை கைவிட்டுப் போகவில்லை. கார்மார்தன் பகுதியிலுள்ள அந்த கோல்டன் குரோவ் மாளிகையில் டெய்லரைக் குருவாக வைத்துக்கொண்டார்.

அங்கே நிகழ்த்திய பிரசங்கங்கள் 1651-இல் கோடைப் பாதிக்கு 27, 1653-இல் குளிர்காலப் பாதிக்கு 25 என அச்சேறின. ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒன்று. கடவுளின் துணையாலும் தங்களுடைய பல உதவிகளாலும் ஓராண்டுப் பிரசங்கங்களை முடித்தேன் என்று சமர்ப்பணக் கடிதத்தில் பிரபுவுக்கு எழுதுகிறார் டெய்லர். இதில் துளியும் மிகையில்லை. பிரசங்க மேடை பறிபோன ஒருவருக்கு மேடையும் கேட்பவர்களும் அந்த வீட்டில்தான் கிடைத்தார்கள்.

பிரபுவின் மூன்றாவது மனைவி ஆலிஸ் எகர்டன். 1634-இல் லட்லோ கோட்டையில் கவிஞர் மில்டனின் இசை நாடகத்தில் நாயகியாக நடித்த சிறுமி இவர்தான். அதே மில்டன் பின்னாளில் மன்னரை வென்ற எதிர்த்தரப்பு அரசின் அயல்மொழிச் செயலாளரானார். பழகிய மனிதர்களையே எதிரெதிரே நிறுத்திய காலம் அது.

அந்தக் காலத்தில் டெய்லர் பேசியதைக் கேளுங்கள். புல்படுக்கையிலிருந்து பாடிக்கொண்டே எழும்புகிறது ஒரு வானம்பாடி. கீழைக்காற்று அதை அடித்துத் தள்ளுகிறது. பறவை தரையில் இறங்கி மூச்சிரைக்கக் காத்திருக்கிறது. காற்று ஓய்ந்தபின் தேவதூதனிடம் பாட்டுக் கற்றதுபோல் மறுபடி மேலேறுகிறது. நல்லவனின் ஜெபமும் அப்படித்தான், கோபம்தான் அந்தக் காற்று என்கிறார். பதவி போய், சிறையும் கண்ட ஒருவர், தோற்ற தரப்பினரிடமே கோபத்தோடு ஜெபிக்காதீர்கள் என்கிறார். அந்த நெஞ்சுரத்துக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

ஜெபத்தைப் பற்றிய அந்தப் பிரசங்கம் குளிர்காலத் தொகுதியில் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். நன்றி, வணக்கம்.