கோதுமைக்கு நடுவில் ஆளி விதை எதற்கு? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியைத் திருவாரூரிலிருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருக்கிறார். "போன வீடியோவில் லிங்கன்ஷயரில் ஒரு நீலப் பூ வயலைக் காட்டி ஆளி விதை என்றீர்கள். ஏக்கருக்கு மூன்று டன்னுக்கு மேல் கோதுமை எடுக்கிற இங்கிலாந்து விவசாயி, ஒரு டன்கூடத் தேறாத இந்தப் பயிரை எதற்குப் போடுகிறார்? அறுவடை பெரிய தலைவலி என்றீர்களே, அது ஏன்? எங்கள் பக்கம் போடலாமா?"

ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் அண்ணன் கேட்பது நியாயம்தான். ஏக்கருக்கு 700, 800 கிலோ வந்தால் நல்ல வெள்ளாமை என்பார்கள். டன்னுக்குக் கோதுமையைவிட நல்ல விலை கிடைக்கும், ஆனாலும் அந்த வருடத்து வரவில் கோதுமையை எட்டாது. இதன் லாபத்தை அடுத்த வருடத்துக் கோதுமையில்தான் தேட வேண்டும். கோதுமைக்கு மேல் கோதுமை போட்டால் மண்ணில் டேக்-ஆல் என்று ஒரு பூஞ்சை பெருகும். வேர் கறுத்துவிடும், கதிர் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும். இரண்டாம் வருடக் கோதுமையில் ஏக்கருக்கு 400 கிலோ வரைகூட இப்படிப் போய்விடும். மருந்தை நம்பி இதைச் சமாளிக்க முடியாது. ஒரு வருடம் அதற்குத் தின்ன கோதுமை வேர் இல்லாமல் செய்வதுதான் வழி.

அப்புறம் களை. பிளாக்கிராஸ் என்று ஒரு புல் இருக்கிறது, பல களைக்கொல்லிகளுக்கு அடங்குவதில்லை. அது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் முளைக்கும். அந்த நேரத்தில் கோதுமை விதைத்தால் இரண்டும் சேர்ந்தே வளரும். ஆளி விதையை ஏப்ரலில்தான் விதைக்கிறார்கள். அதனால் நிலத்தைச் சும்மா விட்டு, களையை முளைக்கவிட்டு, முளைத்ததை அழித்து, மறுபடியும் முளைக்கவிட்டு அழிக்க நேரம் கிடைக்கிறது.

முன்பெல்லாம் இந்த மாற்றுப் பயிர் வேலையை ரேப்சீடு செய்தது. மஞ்சள் பூ, கடுகு இனம். 2013 டிசம்பரில் நியோனிக் என்ற பூச்சிமருந்தில் விதை நேர்த்தி செய்ய ஐரோப்பா தடை போட்டதிலிருந்து, ஒரு சின்ன வண்டு அதன் நாற்றை மொட்டையடிக்கிறது. அதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் சிலர் ஆளி விதைப் பக்கம் வந்தார்கள். இதற்கும் ஒரு வண்டு உண்டு, அது வேறு ஜாதி. முளைத்த முதல் இரண்டு வாரம் தினமும் வயலுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டால் பெரும்பாலும் பயிர் தப்பிவிடும்.

டெல்டாவில் சம்பா வயலில் உளுந்து தெளிக்கிறவர்களுக்கு இப்படிப் பயிரை மாற்றிப் போடும் யோசனை புதிதில்லை. ஒரு வித்தியாசம், உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும், ஆளி கொடுக்காது.

வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ விதை, ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக் கூடாது. தழைச்சத்து 30 கிலோ போதும். பச்சையாக இருக்கட்டுமே என்று கூடப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும், முற்றுவதும் தள்ளிப்போகும். அந்த நீலப் பூவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே போங்கள். மத்தியானத்துக்குள் இதழ் கொட்டிவிடும்.

சரி, அறுவடை. இங்கேதான் பாடு. காய் முற்றிப் பழுப்பாகும், குலுக்கினால் உள்ளே சலசலவென்று சத்தம் வரும், ஆனால் தண்டு மட்டும் பச்சையாகவே நிற்கும். லினன் துணிக்கு நார் எடுக்கிற செடியும் இதுவும் ஒரே இனம், ரகம்தான் வேறு. அந்த நார் இந்தத் தண்டிலும் இருக்கிறது. அதனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்துச் செடியைக் காயவைத்து, இரண்டு மூன்று வாரம் காத்திருக்கிறார்கள். டைகுவாட் என்ற மருந்து சில நாளிலேயே காயவைத்துவிடும், 2020-ல் அதற்கும் தடை வந்துவிட்டது. இப்போது பொறுமைதான் மருந்து.

காய்ந்துவிட்டது என்று காலை எட்டு மணிக்கு மெஷினை இறக்கினால் தொலைந்தோம். பனி ஈரத்தில் தண்டு முறுக்கேறி இருக்கும். கத்தி மழுங்கியிருந்தால் அறுக்காது, இழுக்கும். இழுத்த நார் சுழல்கிற ஷாஃப்டில் சடைசடையாகச் சுற்றும், உரசிச் சூடேறினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. புதுக் கத்தி, நல்ல வெயில், உச்சிப் பொழுது, மெதுவான ஓட்டம். சாயங்காலம் இறங்கும்போது மெஷின் சத்தம் கனத்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டு, ராத்திரி பேட்டரி லைட்டைப் பிடித்துக்கொண்டு நார் அறுத்த அனுபவம் எனக்கு உண்டு.

விதையோ தட்டையாக, எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். டிரெய்லரில் ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் தண்ணீராக ஒழுகிவிடும். முதல் வருடம் நான் பின்கதவு இடுக்கைப் பார்க்காமல் விட்டேன். வயலிலிருந்து கிடங்கு வரைக்கும் ரோட்டில் பழுப்புக் கோடு. அடுத்த வருடத்திலிருந்து டேப்பும் கையுமாகத்தான் அறுவடை. கிடங்கிலும் ஈரம் 9 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விதை நெருக்கிப் படிந்துவிடுவதால் காற்று உள்ளே போகாது, மெல்லிசாகப் பரப்பித்தான் காயவைக்க வேண்டும்.

வைக்கோலும் லேசில் மக்காது. 1993-ல் இங்கிலாந்தில் கோதுமை வைக்கோலை வயலில் எரிக்கத் தடை வந்தபோதே ஆளித் தட்டைக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரில் போடலாமா என்றால், பூக்கும்போதும் மணி பிடிக்கும்போதும் இதற்குக் குளிர் வேண்டும். சத்தீஸ்கரில் நெல் அறுப்பதற்கு முன்பே ஈர வயலில் ஆளி விதையைத் தெளித்துவிடுகிறார்கள், உதேரா என்பார்கள். நம் உளுந்து கதைதான். அவர்களுக்கு வடக்கத்திக் குளிர்காலம் கைகொடுக்கிறது. சம்பா அறுத்த பிறகு மாசி, பங்குனி வெயிலில் உங்களுக்கு அது கிடைக்காது. உளுந்தையே தெளியுங்கள் அண்ணே. ஆசைக்கு ஒரு பாத்தியில் கார்த்திகையிலேயே விதைத்துப் பாருங்கள், பூத்தால் எனக்குப் படம் அனுப்புங்கள்.