மழை இல்லாத நாளையும் எழுதி வைத்தவர்கள்

(பினாங்கில் நடந்த தமிழ் அறிவியல் மாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் அப்பா மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தார். பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஆள் கூடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு வேலை காத்திருக்கும். ஆபீசுக்குப் பின்னால், மரம் மறைக்காத புல்தரையில், ஓரடி உயரத்துக்கு ஒரு செம்புக் குழாய் நட்டிருக்கும். மேலே புனல், உள்ளே ஒரு போத்தல். அப்பா புனலைக் கழற்றி, போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழலில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். குழலின் ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் பள்ளமாக இருக்கும். "பள்ளத்தைப் பாரு, ஓரத்தைப் பார்த்து ஏமாந்துடாதே" என்பார். அப்புறம் உள்ளே போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் எண்ணைச் சொல்வார். அவர் மழைப் புத்தகத்தில் ஏற்றுவார்.

வெயில் கொளுத்துகிற மாதத்திலும் அப்பா தினமும் போய் அந்தப் புனலைக் கழற்றுவார். போத்தல் காய்ந்து கிடக்கும். அன்றைக்கும் புத்தகத்தில் ஒரு சுழி விழும். "ஒண்ணுமே இல்லாததை எதுக்குப்பா எழுதணும்?" என்று கேட்டேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பா சொன்னார்: "சுழி போட்டா மழை இல்லைன்னு அர்த்தம். ஒண்ணும் எழுதாம விட்டா, நாம பார்க்கலைன்னு அர்த்தம்."

முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வானிலை அறிவியல் எப்படி வளர்ந்தது என்று என்னைக் கேட்டால், அப்பாவின் அந்தப் பேச்சிலிருந்துதான் இன்னும் தொடங்குகிறேன்.

நம் முன்னோர்களுக்கு வானம் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே இருந்து வந்தால் தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று நாலு திசைக் காற்றுக்கும் நாலு பெயர் வைத்த மொழி நம்முடையது. பெய்த மழையை 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று மண்ணின் ஈரத்தை வைத்தே அளந்தார்கள். இன்றைய கெடாவான கடாரத்துக்குக் கப்பல் விட்டவர்கள் எந்த மாதக் காற்றில் வர வேண்டும், எந்த மாதக் காற்றுக்காகக் காத்திருந்து திரும்ப வேண்டும் என்று தெரிந்துதான் வந்தார்கள். இங்கிருந்து பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் பூஜாங் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்துத் தடயங்கள் இன்றும் கிடக்கின்றன.

ஆனால் ஒருவர் கண்ணுக்கு எட்டுகிற வானம் சில மைல்தான். நாளைக்கு இங்கே பெய்யப் போகிற மழை இன்றைக்கு வேறெங்கோ கடல்மேல் இருக்கும். அதை இங்கே நிற்கிறவர் எப்படிப் பார்ப்பார்? அங்கே இன்னொருவர் வேண்டும். அவரும் அதே நேரத்தில் பார்க்க வேண்டும்.

இதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1648இல் பிரான்சில் நடந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்துக் காற்றுக்கு எடை உண்டு என்று காட்டியிருந்தார். மேலே போகப் போக அந்த எடை குறைய வேண்டுமே என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் நினைத்தார். அவருடைய அக்காள் கணவர் பெரியே, குழாயைத் தூக்கிக்கொண்டு பூய் த தோம் என்ற மலைமேல் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கி நின்றது. எல்லோரும் மலை ஏறியவரைத்தான் பேசுவார்கள். நான் சொல்ல வந்தது கீழே இருந்தவரைப் பற்றி. அடிவாரத்து மடத்தில் இன்னொரு குழாயை வைத்து, அது நாள் முழுக்க அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது அசையவில்லை. அவர் உட்கார்ந்து பார்த்திராவிட்டால், மேலே இறங்கியது மலையினாலா, அன்றைய வானிலையினாலா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் பார்த்ததை அன்றைக்கே ஓரிடத்தில் சேர்ப்பது தந்தி வந்த பிறகுதான் முடிந்தது. 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஃபிட்ஸ்ராய் என்ற கடற்படை அதிகாரி கரையோர ஊர்களிலிருந்து தந்தி வரவழைத்துப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். 1861இல் பத்திரிகையில் நாளைய வானிலை வந்தது. தவறும்போதெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் அவர் இறந்த பிறகு எச்சரிக்கையை நிறுத்தியபோது, திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களில் கடலோடிகள் இருந்தார்கள்.

சரி, இப்போது நம் கதைக்கு வருவோம். தாது வருடப் பஞ்சம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சம். மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். இந்தக் கரையில் இறங்கியவர்களும் அவர்களில் உண்டு. மழை ஏன் பொய்த்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பஞ்சத்துக்கு ஒரு வருடம் முன்னால், 1875இல்தான், இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. 1904இல் அதற்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித அறிஞர். அவரிடம் புதிய கருவி எதுவும் இல்லை. உலகம் முழுக்கப் பலர் எழுதி வைத்த பழைய புத்தகங்கள் இருந்தன. சென்னை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 1796 முதலே பதிவு தொடங்கியிருந்தது. வருடக்கணக்கான அழுத்தம், வெப்பம், மழை எண்களை எழுத்தர்கள் உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டு ஒப்பிட்டார்கள். அதில் ஒரு ஏற்றப்பலகை ஆட்டம் தெரிந்தது: பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியக் கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. அதற்கு 'தென் அலைவு' என்று வாக்கர் பெயர் வைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் என்பவர்தான் அந்த ஆட்டத்தையும் பெரு நாட்டுக் கடல் சூடாவதையும் முடிச்சுப் போட்டார். அதுதான் எல் நினோ. 1877இல் மிகப் பலமான ஒரு எல் நினோ இருந்தது என்பது இப்போது நமக்குத் தெரியும். நம் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறியதற்கான காரணத்தில் ஒரு பங்கு, அவர் பார்த்தே இராத ஒரு கடலின் சூடு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எண்களைச் சேர்ப்பது ஒரு பக்கம். அவற்றிலிருந்து நாளையைக் கணக்காகவே போட்டுவிட முடியுமா? முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே அதை முயன்றவர் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை 145 மில்லிபார் ஏற்றம் என்று வந்தது. உண்மையில் அன்றைக்கு அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் அந்தத் தவறான விடையை மறைக்காமல் 1922இல் அப்படியே அச்சிட்டார். சூத்திரம் சரிதான், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்று அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1950இல் எனியாக் என்ற கணினி அந்த வழியில் ஒரு நாள் வானிலையைக் கணக்கிட்டது. அதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது! 1960இல் டைரோஸ் துணைக்கோள் மேலே போய் மேகங்களைப் படம் எடுத்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான்.

ஆனாலும் பூமத்தியரேகைப் பக்கம் வாழும் நமக்கு இது இன்னும் கஷ்டமான பாடம். ஐரோப்பாவில் அழுத்த வேறுபாடு பெரிது. வரைபடத்தைப் பார்த்தாலே மழை வரும் பாதை தெரியும். இங்கே அழுத்தம் லேசாகத்தான் மாறும். ஒரு இடிமேகம் ஒரு மணி நேரத்தில் பிறந்து, கொட்டி, கரைந்துவிடும். இதே பினாங்கில் ஆயர் ஈத்தாமில் சாக்கடை நிரம்பும், பாயான் லெப்பாஸில் துணி காயும். 1978 டிசம்பரில் பல நாட்டு விஞ்ஞானிகள் கோலாலம்பூரைத் தளமாக வைத்துக்கொண்டு நம் வடகிழக்குப் பருவக்காற்றை ஆராய வந்ததற்குக் காரணமும் அதுதான். பூமத்தியரேகையை ஒட்டிப் புயல் உருவாகாது என்று பாடத்தில் படித்தோம். 2001 டிசம்பர் 27 அன்று வாமேய் புயல் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரை டிகிரியில் உருவாகி, நம் தெற்கு மாநிலமான ஜொகூரில் கரையேறியது.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு வந்த வெள்ளத்தை இங்கே மறந்தவர் யார்? விடிவதற்குள் எங்கள் வீட்டில் தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டுவிட்டது. அம்மாவைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தோம். மழை வரும் என்று தெரிவது ஒன்று. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு கொட்டும் என்று தெரிவது வேறு. இரண்டாவதற்கு இன்னும் நிறைய இடங்களில், இன்னும் நெருக்கமாக, விடாமல் அளக்க வேண்டும்.

காலை 8 மணி, இரவு 8 மணிக் கணக்குக்காக பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு பலூன் மேலே போகிறது. அதே நேரத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஊர்களிலிருந்தும் போகிறது. அடியில் கட்டிய சின்னப் பெட்டி வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அனுப்பிக்கொண்டே ஏறும். சுமார் முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும். மடத்துத் துறவியும் என் அப்பாவும் செய்த வேலைதான் இது.

அப்பா இருந்த தோட்டம் விற்றுப் போனது. இப்போது அங்கே வீடுகள். ஆபீசைக் காலி செய்தபோது மழைப் புத்தகங்களைக் குப்பையோடு போட்டு எரித்துவிட்டார்கள். நான் விசாரித்துப் போனபோது கண்ணாடிக் குழல் ஒன்றுதான் கிடைத்தது. பழைய கப்பல் குறிப்பேடுகளைத் தேடியெடுத்து, அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, நூறு வருடத்துக்கு முந்தைய வானத்தைத் திரும்பக் கட்டுகிற வேலை இன்று உலகில் நடக்கிறது. தோட்டத்து மழைப் புத்தகமும் அதே மதிப்புள்ளதுதான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தாத்தா கிராணியாக இருந்தார், அப்பா ஆபீசில் இருந்தார் என்று சொல்கிற வீடுகளில் பரண்மேல், டிரங்குப் பெட்டியில் தேடிப் பாருங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்; உட்கார்ந்து படியெடுப்போம். வெறும் சுழியாக இருக்கிற பக்கங்களையும் கிழிக்காமல் கொண்டு வாருங்கள்.