நீ எழுது, நான் பார்க்கிறேன்

(தேசிய அறிவியல் நாளையொட்டி மதுரைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

அவையோர்க்கு வணக்கம். மாணவிகளுக்குத் தனி வணக்கம்.

பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதைக் காட்டிய ராமன் விளைவைக் கொண்டாடும் நாள் இது. கொண்டாடுவோம். அதே ராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் 1940-இல் சேர்ந்த அன்னா மாணியையும் நினைப்போம். வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஒளிப்படத் தட்டில் பதிய வைக்கப் பல மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்து பதித்தார். 1945-இல் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று மெட்ராஸ் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. நாட்டின் வானிலைக் கருவிகளைப் பின்னாளில் இங்கேயே செய்ய வைத்தவர் அவர்தான்!

பட்டம் போனது ஒரு விதியால். என்னை அதைவிட வருத்துவது வேறு. அந்த ஆய்வகத்தில் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதை ராமன் விரும்பவில்லை. பேசிப் பேசித் தெளிகிற துறை இயற்பியல். கேள்வி கேட்க ஆளில்லாமல் ஒருத்தி எத்தனை தூரம் போவாள்?

நம் ஊருக்கு வருகிறேன். மகளிர் கல்லூரிகளான லேடி டோக் 1948-இலும் பாத்திமா 1953-இலும் தொடங்கின. மதுரைப் பெண்ணுக்கு இயற்பியல் புதிதல்ல. ஆனால் இருபாலரும் படிக்கும் துறைகளின் ஆய்வகத்தில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சியைச் சொல்கிறேன். சோடியம் விளக்கு எரிகிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியின் தொலைநோக்கியை மாணவன் திருப்புகிறான். "உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது, நீ எழுது" என்று உடன் நிற்கும் மாணவியிடம் சொல்கிறான். அவன் படித்துச் சொல்லும் வெர்னியர் (நுண் அளவுகோல்) அளவுகளை அவள் எழுதுகிறாள். ஆசிரியரும் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறார். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆனாலும் கருவி அவன் கைக்குப் பழகிவிடுகிறது, நோட்டு அவள் கைக்கு.

முனைவர் ஆய்வில் இது முற்றுகிறது. மாலையில் வாசல் தேநீர்க் கடையில் நெறியாளரும் மாணவர்களும் நின்று அடுத்த கட்டுரையையே முடிவு செய்துவிடுகிறார்கள். அவளோ விடுதிக் கதவு சாத்துமுன் ஓடிக்கொண்டிருக்கிறாள். பிறகு, "அவளுக்கு ஆர்வம் குறைவு" என்று பேச்சு!

துறைத்தலைவர்களிடம் கேட்கிறேன். அந்தத் தேநீர்க் கடைப் பேச்சைப் பகல் பதினொரு மணிக்குத் துறைக்குள் வையுங்கள். இரவுப் பரிசோதனைக்கு அனுமதியும் விடுதிவரை துணையும் கொடுங்கள். கருவியைத் தொடுவதை முறைவைத்து மாற்றுங்கள். அடுத்த ஆண்டு ஆய்வக அட்டவணை போடும்போது மாணவிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உடன் உட்காரவையுங்கள்.