கையில் இருக்கும் வேலையும் மன அமைதியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

அன்றாட வாழ்வில் மன அமைதி என்ற பொருளில் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும் உங்களில் பலர் இப்போது வெறுமனே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். வானொலியின் சிறப்பே அதுதான். காது இங்கே இருக்கும், கை வேறொன்றில் இருக்கும். ஒருவர் துணி மடித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார், ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த வேலையை நிறுத்த வேண்டாம். நான் பேசப் போவதே அதைப் பற்றித்தான்.

அமைதி வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இல்லை. எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தலையெடுக்கட்டும், கடன் அடையட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டால் பிறகு நிம்மதியாக உட்கார்ந்து தியானம், பிரார்த்தனை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இந்தத் தள்ளிப்போடுதலோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு. இன்னும் சிலர் அவ்வளவு தூரம் தள்ளிப்போட மாட்டார்கள். காலையில் அரைமணி நேரம் கண்மூடி உட்காருவார்கள். மிகவும் நல்ல காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரைமணி முடிந்ததும் எழுந்து, மீதி நாள் முழுவதையும் எப்படியாவது கடந்து தொலைக்க வேண்டிய ஒன்றாக நினைத்து ஓடுகிறார்கள். விழித்திருப்பது பதினாறு மணி நேரம் என்றால், அதில் பதினைந்தரை மணி நேரத்தை அமைதிக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவிடுகிறோம். இது எவ்வளவு பெரிய இழப்பு!

2010-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், எதிர்பாராத வேளையில் கேள்விகள் கேட்டார்கள். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், உங்கள் மனம் அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா, இந்த நொடியில் எப்படி உணர்கிறீர்கள் என்பவை அந்தக் கேள்விகள். பதில்களில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருக்கிறது என்றே வந்தது. ஏறக்குறைய பாதி வாழ்க்கை! மனம் விலகியிருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. பிடிக்காத வேலையில் இருந்தபோதும் இதே நிலைதான். இனிமையான நினைவுகளில் திரிந்த மனம்கூட, செய்யும் வேலையில் ஊன்றிய மனத்தைவிட அதிகம் மகிழ்ந்திருக்கவில்லை. நான் கவனித்தது ஒன்று. ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக் காட்டிலும், மனம் அந்த வேலையில் இருக்கிறதா என்பதுதான் அவருடைய மகிழ்ச்சியைப் பற்றி அதிகம் சொன்னது.

ஆய்வு நமக்குச் சொல்வதை ஒரு கிழவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். அந்தக் கதையை நான் எங்கே பேசப் போனாலும் சொல்லாமல் வருவதில்லை. இன்றும் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானில் டோகன் என்று ஓர் இளம் துறவி. 1200-இல் பிறந்தவர். உண்மையான ஆன்மிகப் பயிற்சி எது என்று தேடி 1223-இல் கடல் கடந்து சீனாவுக்குப் போனார். துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சில காலம் கப்பலிலேயே தங்க வேண்டியிருந்தது. ஒருநாள் வயதான துறவி ஒருவர் அந்தக் கப்பலுக்கு வந்தார். வந்தது காளான் வாங்குவதற்காக. அவர் ஒரு மடத்தின் சமையல் பொறுப்பாளர். மடம் இருந்த மலைக்கு அசோகரின் பெயர். நம் அசோகச் சக்கரவர்த்தியின் பெயர்தான், சீன உச்சரிப்பில் வழங்குகிறது. அங்கிருந்து நெடுந்தூரம் நடந்தே வந்திருக்கிறார்.

டோகனுக்கு அவரைப் பார்த்ததில் பெரிய மகிழ்ச்சி. இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்று கேட்டார். கிழவர் முடியாது என்றார். நாளைக்குச் சமையலை நான் கவனிக்காவிட்டால் சரியாக வராது என்றார். டோகன் இளைஞர், ஆர்வம் மிக்கவர். விடவில்லை. இந்த வயதில் தியானத்தில் உட்காராமல், பெரியோர்களின் வாக்குகளை ஆராயாமல், அடுப்படி வேலையைக் கட்டிக்கொண்டு அலைவதில் உங்களுக்கு என்ன நன்மை என்று கேட்டே விட்டார். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி, பயிற்சி என்றால் என்னவென்று உனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்கிறதே என்று காளான் மூட்டையோடு கிளம்பிவிட்டார்.

பிறகு டோகன் தியான்டோங் மலை மடத்தில் சேர்ந்தார். அங்கே இன்னொரு கிழவர். அவரும் சமையல் பொறுப்பாளர்தான். உச்சி வெயிலில், தலையில் எதுவும் இல்லாமல், கையில் ஒரு மூங்கில் கோலோடு, கொதிக்கும் தரையில் காளானைப் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருக்கிறார். முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, புருவம் வெளுத்திருக்கிறது. டோகன் அருகில் போய் வயதைக் கேட்டார். அறுபத்தெட்டு என்றார். உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் சொல்லக்கூடாதா என்றார். அவர்கள் நான் ஆக முடியாதே என்று பதில் வந்தது. சரி, வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, இப்போதே செய்ய வேண்டுமா என்றார். அதற்குக் கிழவர் கேட்டார்: வேறு எப்போது?

அதற்கு மேல் டோகனால் ஒன்றும் கேட்க முடியவில்லை. தாழ்வாரத்தில் நடந்தபடி அதையே நினைத்தாராம். நாடு திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1237-இல், மடத்துச் சமையல்காரர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு நூலே எழுதினார். இந்த இரண்டு கிழவர்களின் கதையும் அதில்தான் இருக்கிறது. அரிசி களையும்போது மணலையும் பார், அரிசியையும் பார், இரண்டில் எதிலிருந்தும் கண்ணை எடுக்காதே என்பது போன்ற குறிப்புகள் அதில் வருகின்றன. தத்துவம் தேடிக் கடல் கடந்த மனிதர் கடைசியில் அரிசி களைவதைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிடும்.

இந்தியாவிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ரமண மகரிஷி பல ஆண்டுகள் விடியுமுன் ஆசிரமத்துச் சமையலறைக்குப் போய்க் காய்கறி நறுக்கியிருக்கிறார். கீழே சிந்திய அரிசிமணியைக் குனிந்து பொறுக்குவார். கபீர் நெசவு செய்தவர், ரவிதாஸ் செருப்புத் தைத்தவர். தொழிலை விட்டுவிட்டு வா என்று அவர்களை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

மகான்களைச் சொன்னால், அவர்கள் மகான்கள், நம்மால் ஆகுமா என்று தோன்றும். அதனால் நான் கண்ணால் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். என் தந்தை நோயுற்றிருந்தபோது மருத்துவமனையில் அவர் பக்கத்தில் இரவு விழித்திருந்தேன். ஒரு செவிலியர் விரிப்பை மாற்ற வந்தார். அப்பாவால் எழுந்திருக்க முடியாது. அந்தப் பெண் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். பிறகு அப்பாவை மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய விரிப்பை அவர் முதுகு வரை நீளவாக்கில் சுருட்டினார். காலியான பாதியில் புதியதை விரித்தார். அப்பாவை இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவிவிட்டு, புதியதை இழுத்துச் செருகினார். கடைசியில் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார், எங்காவது சுருக்கம் இருக்கிறதா என்று. நகர முடியாதவர்களுக்குச் சுருக்கம் அழுத்தினால் படுக்கைப் புண் வரும். போகும்போது தண்ணீர் டம்ளரை இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் வைத்தார். அப்பாவின் இடக்கையில் ஊசி ஏற்றியிருந்தது.

அந்த வார்டில் அவருக்கு இன்னும் எத்தனையோ படுக்கைகள் இருந்தன. அவர் வேகமாகத்தான் செய்தார். பதற்றம் மட்டும் இல்லை. அவர் பக்தியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த அறையில் இருந்த அமைதியை நான் எந்தப் பிரார்த்தனைக் கூடத்திலும் அதற்குமேல் உணர்ந்ததில்லை. ஆன்மிகத் தூண்டுதல் என்று எதைச் சொல்கிறார்களோ அது எனக்கு அங்கே கிடைத்தது.

இதை எப்படிச் செய்வது? ஒரு டம்ளரைக் கழுவுவதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் குளிர்ச்சியா, வெதுவெதுப்பா என்று விரலுக்குத் தெரியும். உதடு படும் விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரல் போகும். உள்ளே அடிப்பகுதியின் மூலையில் படிந்திருப்பது தட்டுப்படும். அதற்குள் மனம் போய்விடும், நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல்லுக்கு நாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று. போகட்டும். போனது தெரிந்ததும் திரும்ப விளிம்புக்கு வாருங்கள். மறுபடி போகும், மறுபடி வாருங்கள். மனம் போகாமல் இருப்பதுதான் பயிற்சி என்று பலர் நினைத்து, நமக்கு வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பி வருவதுதான் பயிற்சி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். திரும்பி வருவதுதான் பயிற்சி. திரும்பும்போது உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். கடிந்துகொண்டால் அது இன்னொரு சண்டையாகி, மனம் அதன் பின்னால் போய்விடும்.

உடலும் இதற்குத் துணை செய்யும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே கூடும், வெளியே விடும்போது சற்றே குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு செய்யும் வேலை அது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மெதுவாக மூச்சு விட்டால் சிலருக்கு இது விரலிலேயே தெரியும். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்போது சோதித்துப் பார்க்க வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வேலை செய்யும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதைச் சற்று நீளமாக வைத்துக்கொண்டால் போதும். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்த வேலையே பிடிக்காதே என்று கேட்பீர்கள். பாரிஸ் நகரில் பதினேழாம் நூற்றாண்டில் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். இளமையில் போர்வீரர், காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆண்டுக்கணக்கில் அங்கேதான் இருந்தார். பாத்திரச் சத்தத்துக்கும் கூப்பாட்டுக்கும் நடுவே இருக்கும்போதும், மண்டியிட்டுத் தொழும்போதும், தமக்கு இறைவனின் அருகாமை ஒன்றுபோலவே இருக்கிறது என்று சொன்னார். 1691-இல் மறைந்தார். வேலை பிடித்துப் போனதாக அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். பிடிக்காத வேலையிலும் அது கிட்டியது என்பதுதான் செய்தி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு வேலை அனைத்தையும் ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அதிலேயே அமைதியைத் தேடிக்கொள் என்று அவரிடம் உபதேசம் செய்வது கொடுமை. நான் பேசுவது அதற்குச் சாக்காகிவிடக் கூடாது. வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். அதிலும், இதுவரை ஒரு பாத்திரமும் கழுவாதவர்களுக்குத்தான் நான் சொல்லும் இந்தப் பயிற்சி முதலில் வேண்டும். உழைப்புக்கு உரிய கூலியைக் கேட்பதும், அநியாயத்தைத் தட்டிக் கேட்பதும் மன அமைதிக்கு எதிரானவை அல்ல. உள்ளே பதறாதவர் அவற்றை இன்னும் உறுதியாகக் கேட்பார்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இசை, இயற்கை, மௌனம் என்று மூன்று குறிப்புகள் கொண்டுவந்திருந்தேன். மூன்றுக்கும் நேரமில்லை. துக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இழப்பு புதிதாக இருக்கும்போது கண்மூடி உட்கார்ந்தால் சிலருக்கு நினைவுகள் இன்னும் பெருகி வரும். அவர்களுக்குக் கைவேலை ஆறுதல் தரும். ஒரு செடிக்குத் தண்ணீர் விடுவது, அலமாரியில் ஒரே ஒரு தட்டைத் துடைப்பது போன்ற சிறிய வேலை போதும். உறவினர்கள் உதவி செய்கிறோம் என்று அவர்களிடமிருந்து எல்லா வேலையையும் பறித்துவிடுகிறார்கள். பாதியை நீங்கள் செய்யுங்கள், ஒன்றை அவர் கையில் விட்டு, அவர் செய்து முடிக்கும் வரை பேசாமல் கூட நில்லுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நேரம் முடிந்துவிட்டது. செவிமடுத்த அனைவருக்கும் நன்றி. வணக்கம்.