கூப்பர் கிராங்க்: பெஞ்சுல இருந்து ஏழாம் நம்பர் வரைக்கும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு கையில பந்தோட வந்திருக்கேன். ரக்பி லீக் பந்து. முட்டை மாதிரி இருக்கும். இதைக் கீழ விடுறேன், பாருங்க... வலது பக்கம் ஓடிருச்சு. இன்னொரு தடவை... இப்ப என்கிட்டயே திரும்பி வருது. எந்தப் பக்கம் எகிறும்னு சொல்லவே முடியாது. ஃபீல்டு கோல் அடிக்கணும்னா இதைத் தரையில விட்டு, தரையைத் தொட்டு எழும்புற அந்த நொடியில உதைக்கணும். அதுக்குள்ள எதிரணி ஆளுங்க உங்க மேல பாய்ஞ்சு வந்துட்டு இருப்பாங்க. கம்பத்துக்கு நடுவுல போனா பொதுவா கிடைக்கிறது ஒரே ஒரு பாயிண்ட்.

2012 ஜூலை, பிரிஸ்பேன். ஸ்டேட் ஆஃப் ஒரிஜின்னு, ஆஸ்திரேலியாவோட ரெண்டு மாநில அணிகள் வருஷா வருஷம் மோதுற மூணு ஆட்டத் தொடர். அதோட மூணாவது ஆட்டம். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க, இதுல ஜெயிக்கிறவங்களுக்குத்தான் தொடர். ஸ்கோர் 20-20. முடிய இன்னும் ஆறு நிமிஷம் பக்கம்தான் இருக்கு. கிட்டத்தட்ட 40 மீட்டர் தள்ளி நின்னு குயின்ஸ்லாந்து ஹாஃப்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துற ஏழாம் நம்பர் ஆட்டக்காரர், ஒரு உதை விடுறார். 21-20. தொடர் முடிஞ்சது. குயின்ஸ்லாந்துக்கு அது தொடர்ச்சியா ஏழாவது தொடர்.

அவர்தான் கூப்பர் கிராங்க். நான் இன்னைக்குப் பேச வந்தது அந்த உதைக்கு எட்டு வருஷம் முன்னாடி இருந்த கிராங்கைப் பத்தி.

2004-ல மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கு வர்றார். ஏழாம் நம்பர் ஜெர்சி மேட் ஓர்ஃபோர்ட் கிட்ட இருக்கு. கிராங்குக்குன்னு ஒரு இடம் கிடையாது. பெஞ்சுல உக்காந்திருப்பார், எங்க ஆள் குறையுதோ அங்க போய் ஆடுவார். அவரை மாதிரியே பிரிஸ்பேன் நார்த்ஸ் அணி வழியா வந்த கேமரன் ஸ்மித்தும் பில்லி ஸ்லேட்டரும் பக்கத்துலயே இருக்காங்க. ஸ்லேட்டர் ஓடுறதைப் பாத்தா, இவர் பெரிய ஆளா வருவார்னு சின்னப் பையன்கூட சொல்லிருவான். கிராங்கைப் பாத்து அப்படி யாரும் சொல்லலை. பெரிய உடம்பு இல்லை, கண்ணைப் பறிக்கிற வேகமும் இல்லை.

2005 முடிஞ்சதும் ஓர்ஃபோர்ட் மேன்லி அணிக்குப் போறார். அந்த ஏழாம் நம்பர் கிராங்க் கைக்கு வருது. ஆனா ஹாஃப்பேக் வேலையே அவர் அதுக்கப்புறம்தான் உக்காந்து கத்துக்க வேண்டியிருந்தது.

அது என்ன அப்படி ஒரு வேலைன்னு கேப்பீங்க. ஒரு அணிக்கு ஆறு டாக்கில். அதாவது ஆறு தடவை பிடிபடலாம். ஆறாவதா பிடிபட்டா பந்து எதிரணிக்குப் போயிரும். அதனால அஞ்சு ஆனதுமே பெரும்பாலும் உதைச்சுருவாங்க. எங்க உதைக்கிறது, எவ்வளவு உயரம், எந்த மூலை? இதெல்லாம் ஹாஃப்பேக்கோட தலையில. ஒன்னாவது டாக்கில்லயே அஞ்சாவதை யோசிச்சு, ஆளுங்களை அங்கங்க நிறுத்தி வச்சிருக்கணும். இதுக்கு வேகத்தை விடப் பழக்கம்தான் தேவை. கிராங்க் அந்தப் பழக்கத்தை நாள் கணக்கு பாக்காம உழைச்சு உண்டாக்கிக்கிட்டார். பயிற்சி முடிஞ்சு மத்தவங்க கிளம்பின பிறகும் உதைச்சுக்கிட்டே இருப்பார்னு அவரோட ஆடினவங்க எல்லாருமே சொல்றதுதான்.

அவங்க கோச் கிரெய்க் பெல்லமியைப் பத்தியும் ஒன்னு சொல்லணும். ஸ்டார்முக்குப் புதுசா வர்ற ஆட்டக்காரங்களைப் பயிற்சி தொடங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் உடல் உழைப்பு வேலைக்கு அனுப்புவாங்க. விடியக்காலையில எழுந்து மண்வெட்டி பிடிச்சுட்டு வந்தாத்தான் இந்தத் தொழில் எவ்வளவு பெரிய கொடுப்பினைன்னு புரியும்னு. எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிக்கும்.

ஏழாம் நம்பர் போட்ட முதல் வருஷமே, 2006-ல, கிராண்ட் ஃபைனல், அதாவது ஆஸ்திரேலிய லீக்கோட இறுதி ஆட்டம். பிரிஸ்பேன் அணி கிட்ட 15-8-னு தோத்தாங்க. 2007, 2009 ரெண்டுலயும் ஜெயிச்சாங்க. ஆனா ஆட்டக்காரங்களுக்கு ஒரு அணி மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் தரலாம்னு இருக்கிற உச்சவரம்பை மீறினதா 2010-ல கண்டுபிடிச்சு அந்த ரெண்டு பட்டத்தையும் பறிச்சுட்டாங்க. 2012-ல மறுபடி ஜெயிச்சப்போ, அந்த இறுதி ஆட்டத்தோட சிறந்த ஆட்டக்காரர் கிராங்க்தான். லீக்கோட சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் மெடல் 2013-லயும் 2016-லயும் அவருக்கு. பெஞ்சுல வந்தவருக்கு ரெண்டு டாலி எம்!

ஆனா என் மனசை விட்டுப் போகாதது 2018 கிராண்ட் ஃபைனல். அப்போ அவர் சிட்னி ரூஸ்டர்ஸ்ல. எதிர்ல யாரு? அதே ஸ்டார்ம், அதே ஸ்மித், அதே ஸ்லேட்டர். ஸ்லேட்டருக்கு அதுதான் கடைசி ஆட்டம். முந்தின வாரம்தான் கிராங்குக்குத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருக்கு. வலி தெரியாம இருக்க ஊசி போட்டுட்டு இறங்கினார். அந்த ஆட்டத்துல பந்து இருக்கிற பக்கம் பாக்காதீங்க, கிராங்கை மட்டும் பாருங்க. இடது கை உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கும். பந்தை அதிகம் தொடவே மாட்டார். வாய் மட்டும் நிக்காது, வலது கை காட்டிக்கிட்டே இருக்கும்: நீ இங்க வா, நீ பின்னாடி போ. அவர் பக்கத்துல ஆடின லூக் கியரிதான் அன்னைக்கு சிறந்த ஆட்டக்காரர். ரூஸ்டர்ஸ் 21, ஸ்டார்ம் 6. ஓடவும் முடியாம, சரியா டாக்கில் பண்ணவும் முடியாம ஒருத்தர் தான் கத்துக்கிட்டதை மட்டும் வச்சு ஒரு இறுதி ஆட்டத்தை நடத்தினார். எனக்குத் தெரிஞ்சு இந்த விளையாட்டுல இதை விடப் பெரிய விஷயம் இல்லை. அடுத்த வருஷமும் பட்டம் ஜெயிச்சுட்டு, 372 ஆட்டத்தோட ஓய்வு வாங்கினார்.

அவர் விட்டுட்டுப் போன ஸ்டார்ம் ஜெர்சி கடைசியில யாருக்குப் போச்சு தெரியுமா? ஜஹ்ரோம் ஹியூஸ். நியூசிலாந்துக்காரர். கோல்ட் கோஸ்ட், நார்த் குயின்ஸ்லாந்துன்னு ரெண்டு அணியிலயும் காலூன்ற முடியாம மெல்பர்ன் வந்தவர். ஃபுல்பேக்கா, அதாவது எல்லாருக்கும் பின்னாடி நிக்கிற கடைசி ஆளா, இருந்தவரை ஹாஃப்பேக் ஆக்கினாங்க. 2024 டாலி எம் அவருக்கு. அதே ஸ்டார்ம்ல பெரிய ஆளுங்களுக்கு மாற்றா ஆடிட்டு இருந்த நிக்கோ ஹைன்ஸ், கிரோனுல்லா போய் 2022-ல அதே மெடலை வாங்கினார். ஹியூஸ் கதையைத் தனி வீடியோவா போடுறேன், அது அவசரமா சொல்ற கதை இல்லை.

அதுக்குள்ள நீங்க அந்த 2018 ஆட்டத்தைத் தேடிப் பாருங்க மக்களே. முதல் பத்து நிமிஷம், கிராங்கோட வலது கையை மட்டும்.